கயிற்றையும் கொடுத்தேன்

குதிரையை விற்றதற்காக என்னைப் பாசமில்லாதவள் என்று திட்டுபவர்கள் ஏற்காட்டில் இன்றும் இருக்கிறார்கள். திட்டட்டும்.

ஏரிக்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர்களைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவது என் பிழைப்பு. என்னிடம் இருந்தது செவலை நிறக் குதிரை ஒன்றுதான்; செவலை என்றே கூப்பிடுவேன். பஸ் ஹாரன் கேட்டால் போதும், மிரண்டு நடுரோட்டுக்குப் பாயும். பழக்கிக் காட்டுகிறேன் என்று ஒரு வருஷம் வீம்பாக இருந்தேன். ஒருநாள் முதுகில் ஒரு குழந்தை இருக்கும்போதே மிரண்டது. குழந்தைக்கு அடியில்லை. ஆனால் இறக்கிவிட்ட கையோடு, ஆத்திரத்தில் செவலையைப் பிரம்பால் விளாசிவிட்டேன். மறுநாள் காலையில் தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினேன். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டது.

அன்றே விற்பது என்று முடிவெடுத்தேன்.

கரடியூரில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர், மூட்டை சுமக்கக் குதிரை வேண்டும் என்று வந்தார். குறையை ஒளிக்காமல் சொன்னேன்.

“எங்க தோட்டத்துப் பக்கம் பஸ்ஸே வராதுங்க. அங்க இது நொம்ப நல்லா இருக்குமுங்க” என்றார்.

அவர் கொண்டுவந்த புதுக் கயிற்றைப் பார்த்ததும் செவலை பின்வாங்கியது. நான் பழைய கயிற்றோடு அப்படியே அவர் கையில் கொடுத்தேன். பக்கத்துக் குதிரைக்காரர் பதறிப்போனார்.

“ஏனுங்கக்கா, கயிறையும் சேத்துக் குடுத்தா ஊட்டு லட்சுமி போயிருமுங்க!”

“போனாப் போகட்டுமுங்க. அது பழகுன கயிறு.”

செவலை திரும்பிப் பார்க்காமல் வாங்கியவரோடு நடந்தது. நான் ரோட்டில் நின்று அழுதேன்.

அடித்தவள் என்று சொல்லுங்கள், தலைகுனிகிறேன். விற்றவள் என்று சொன்னால் குனிய மாட்டேன்.