தேய்ந்த தண்டவாளத்துக்கு நான்காவது புகார்

கூலாய் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் சரக்கு ரயில் போகிறது. அங்கே ஓரிடத்தில் தண்டவாள இணைப்பு தேய்ந்து பள்ளமாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் அதில் இடித்துக்கொண்டு போகும். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவர் ஒவ்வொரு இடிக்கும் கண்களை இறுக மூடிக்கொள்வார்.

என் மூன்றாவது புகாருக்கு இன்று காலை ஆள் வந்தார். தண்டவாளம் பழுதுபார்ப்பவர், தமிழர்தான். அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு ரயில் வந்தது. அது போய் முடியும்வரை எங்களால் பேச முடியவில்லை.

“அக்கா, இப்ப அடியில இருக்குற கல்ல மட்டும் இறுக்கிட்டுப் போறேன். ரெண்டு வாரம் தாங்கும் லா. தண்டவாளத்தையே மாத்தணும்.”

“அப்ப மாத்துங்களேன்.”

“நானும் ரெண்டு வருஷமா மேல எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். யாரு கேக்குறா? நீங்க இன்னொரு கம்ப்ளேன் போடுங்க.”

“போட்டா யாரு வருவாங்க?”

சற்று யோசித்தார். “நான்தான் வருவேன்.”

தேநீர் கொடுத்து அனுப்பினேன். நான்காவது புகாரையும் எழுதி அனுப்பிவிட்டேன். எழுதும்போதே அடுத்த ரயில் வந்தது. உள்ளே என் கணவர் கண்களை மூடிக்கொண்டார்.

வேறு எங்கே எழுதலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த மனிதர் ஏற்கெனவே எழுதாத இடமாக இருந்தால் நல்லது.