சுடுசொல்லை விட்ட குமாஸ்தா

ராமேஸ்வரத்தில் சத்திரத்துக் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஒரே வேலைதான்: ரயிலேறிப் புண்ணியம் தேடி வருகிறவர்களிடம் "இடமில்லை" என்று சொல்வது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்க "இல்லை, இல்லை" என்றே பிழைக்கிற ரயில்வே, தபாலாபீஸ், ரேஷன் கடை அன்பர்களே, நான் படும் பாடு உங்களுக்குத்தான் புரியும். நீங்களாவது மாலையில் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எனக்கு அதுவும் கிடையாது.

கடலில் விட்டது

சுதந்திரம் வந்து மூன்றாவதோ நாலாவதோ வருஷம். எங்களைப் பெற்ற அய்யாவின் திவசத்தன்று உறவுக்காரர்கள் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். என் தம்பி கணேசனுக்கு அப்போது வேலை இல்லை. இரண்டாம் தரம் பாயசம் கேட்டான். "சம்பாதிக்கத் துப்பில்ல, திங்க மட்டும் நாக்கு நாலு முழமா?" என்றேன். அத்தனை பேருக்கும் கேட்டது. பிசைந்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து கை கழுவினான். அக்காள்மடம் போய்ச் சோடாக் கடை வைத்தான். அதன்பிறகு என் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த மாசமே கோயிலில் ஓர் உபன்யாசம். நாவை அடக்குவதும் தவம்தான் என்றார் வந்திருந்த பெரியவர். சொல் யாரையும் புண்படுத்தக் கூடாது, உண்மையாக இருக்க வேண்டும், இனிமையாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு நன்மை செய்ய வேண்டும் என்று நாலு விரலை மடக்கினார். காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றை விட்டுவிட்டு வருவதில்லையா? மறுநாள் விடியலில் அக்னி தீர்த்தத்தில் முழுகி, நான் சுடுசொல்லை விட்டேன். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான், கணேசன் என் வீட்டுப் படி ஏற வேண்டும். என் வாயைப் பல வருஷம் கேட்டுப் பழகிய சத்திரத்துச் சமையல்காரர் சொன்னார்: "கத்திரிக்காய விட்டவன் புடலங்காயத் திம்பான். நீ இனிமே என்னத்தத் தம்பி பேசுவே?"

ஏச்சுக்கு ஓர் ஆள்

மூன்று நாளுக்கு மேல் யாரும் தங்கக் கூடாது என்பது சத்திரத்துச் சட்டம். நாலாம் நாள் காலையில் நான் போய்க் கையைக் கூப்பி, "அம்மா, தயவுசெய்து அறையைக் காலி செய்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும்" என்பேன். "நல்லா இருப்பீக" என்று வாழ்த்திவிட்டு, மறுபடி பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். வேறு வழியில்லாமல் ஒரு தந்திரம் செய்தேன். வாட்ச்மேன் அந்தோணி தங்கச்சிமடத்துக்காரர், கடலில் வலை இழுத்த காலத்துக் குரல் அவருக்கு அப்படியே இருந்தது. அவர் காதில் நான் மெதுவாகச் சொல்வேன். அவர் போய் ஏசுவார். மூட்டை முடிச்சோடு வெளியே வருகிறவர்களை நான் வாசலில் நின்று, "போய்வாருங்கள், சாமி துணை" என்று வழியனுப்புவேன்.

விரதம் பழுதில்லாமல் நடக்கிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை அந்தோணி என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். "விரதம் ஒங்களுக்கு, ஏச்சு மட்டும் எனக்கா? ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல சாமியார்ட்டப் பாவசங்கீர்த்தனம் பண்றப்ப, நீங்க சொல்லச் சொன்னதையும் சேத்து நாந்தானய்யா முழங்கால் போட்டுச் சொல்லிக்கிட்டிருக்கேன்!"

சிலேட்டு

தம்பி வராததால் விரதத்தை இன்னும் இறுக்கினேன். அமாவாசை தோறும் மௌனம். சத்திரத்துக் குமாஸ்தா அமாவாசையன்று வாயை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. ஆடி அமாவாசைக்கு ஊரே கொள்ளவில்லை. "இடமில்லை, மன்னிக்கவும்" என்று சிலேட்டில் எழுதி வாசலில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் கணேசன் வந்தான். அய்யாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு தெருவில் போனவன், வாசலில் ஒரு கணம் நின்று என்னைப் பார்த்தான். "வாடா" என்று ஒரு சொல் போதும். நான் மௌனம். அவன் போய்விட்டான்.

அந்த ஆத்திரத்தில், அடுத்து இடம் கேட்டு வந்த உப்பூர்ப் பெரியவரிடம் என்னென்னவோ எழுதி நீட்டினேன். எழுதினால் அது பேச்சில்லையே என்று எனக்கு நானே சமாதானம். அவர் சிலேட்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பதமாகத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு எழுத்துத் தெரியாது சாமி. ஏசுறதா இருந்தா வாயாலயே ஏசிருங்க, வாங்கிக்கிட்டுப் போயிர்றேன்."

மூன்று நாள் இனிப்பு

சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருத்தி புருஷனோடு வந்து தங்கினாள். மறுநாள் விடிந்ததும் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் வந்து, மதுரை ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டான். சொன்னேன். போனான். தீர்த்தம் கொண்டுவருவதாக அவளிடம் சொல்லியிருந்தானாம். அவள் வந்து விசாரித்தபோதெல்லாம், "வந்துவிடுவார் அம்மா, கவலைப்படாதீர்கள்" என்றேன். உபன்யாசப் பெரியவர் மடக்கிய நாலு விரலில் இனிமையை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தோணிக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லாமலே போய், "ஏ ஆத்தா, ஒம் புருசன் அன்னைக்கே ரயிலேறிட்டான். இங்கன குந்திக்கிட்டு என்னத்தப் பண்ணப் போற?" என்று கத்தினார். அவள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மூட்டையைக் கட்டி எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வந்தாள். "எங்கண்ணன் மதுரை மில்லுலதான் இருக்கான். அன்னைக்கே சொல்லியிருந்தீகன்னா தந்தி அடிச்சிருப்பேன், அவன் டேசன்லயே புடிச்சிருப்பான். இனிக்க இனிக்கப் பேசி என்னைய மூணு நாளு உக்கார வச்சிட்டீகளே."

அக்காள்மடம்

அவள் போன மறுநாளே நான் தங்கச்சிமடத்துக்கு ரயிலேறி, அங்கிருந்து அக்காள்மடத்துக்கு நடந்தேன். "என் மேல்தான் தப்பு" என்பதை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கணேசன் கடையில் இருந்தான். காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சைத் துடைத்தான். நான் வாயைத் திறந்தேன். தினமும் ஜன்னலில் சொல்கிற பேச்சுத்தான் வந்தது. "சௌகரியமா இருக்கீங்களா? ஒண்ணும் குறையில்லையே?" சொந்தத் தம்பியை நீங்கள் என்றேன்!

அவன் ஒரு சோடாவை உடைத்து என் கையில் கொடுத்தான். நான் பாதி குடிக்கும்வரை காலிப் புட்டிகளைத் துடைத்து அடுக்கினான். பிறகு மெதுவாகத்தான் சொன்னான். "அண்ணே, யாத்திரைக்காரன்ட்டப் பேசுறத எங்கிட்டப் பேசாதீக. அன்னைக்கு எலையில வச்சு ஏசுனீகளே, அதாச்சும் எனக்குன்னு பேசுன பேச்சு."

நான் சோடாவைக் குடித்து முடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு நடந்தேன்.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இனிக்கப் பேசும் வாய்க்குத் தம்பியிடம் தப்பை ஒப்புக்கொள்ள வரவில்லை என்றால், அதை விரதம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சமாக இருக்கிறது, பிழைப்பு என்று சொன்னால் போதும்.