ஒரு தேதி மட்டும் உள்ள தகடு

எழுத்து எதைக் கண்டாலும் மந்திரமூர்த்தி கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அதன்மேல் ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பாட்டில், கோவில் ரசீது எதுவும் தப்பாது. "மை நிக்குமான்னு பாக்கேன்" என்பார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளின் எண்களைக் குறித்துக்கொள்ளும் டாலி கிளார்க் அவர். எண் அழிந்தால் பெட்டியே தொலைந்த மாதிரிதான். மகள் சண்முகசுந்தரியின் பட்டச் சான்றிதழ் வந்தபோதும் விரல் நாக்குக்குப் போனது. அவள் பிடுங்கிக்கொண்டாள். அந்த வீட்டின் முதல் பட்டம் அது. தாவரவியல். வேலைதான் இன்னும் அமையவில்லை.

மூன்றாம் மாடி பால்கனியில் இருந்த செடிகள் எல்லாமே யாராவது கொடுத்தவை. அவற்றுக்குப் பெயர் எழுதி வைக்கலாம் என்று சுந்தரிதான் ஆரம்பித்தாள். அவரோ செடியின் பெயரை விட்டுவிட்டு, கொடுத்தவர் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதினார்.

"என்னப்பா இது, செடிக்குல்லா பேரு?"

"செடி பேரைக் கடையில கேட்டா சொல்லுவான். குடுத்தவங்க பேரை எவன்ளா சொல்லுவான்?"

பிளாஸ்டிக் ஸ்பூனில் எழுதிய மார்க்கர் மை பொங்கலுக்குள் வெயிலில் வெளுத்தது. ஐஸ் குச்சி ஈரத்தில் உளுத்தது. தகர டப்பாவை வெட்டி எழுதினார், உப்புக்காற்றில் துரு வழிந்தது. கடைசியில் கூல்டிரிங்ஸ் டின் கைகொடுத்தது. அதைக் கத்திரியால் வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பை மடித்து, பழைய பேப்பர் கட்டின்மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்தி எழுதினார். எழுத்து தகட்டில் பள்ளமாக இறங்கியது. மையே இல்லை, அழிய என்ன இருக்கிறது? காற்றில் தகடு சுழலாமலிருக்க ஒரு குச்சியை நட்டு, குறுக்கே இன்னொன்றைச் சேர்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டினார்.

தெருக்கோடியில் இருக்கும் ஜெயஷீலா டீச்சர் வருவதாகச் சொன்ன பிறகுதான் சுந்தரி அதைச் சரியாகப் பார்த்தாள். டீச்சருக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் கிறிஸ்தவ ஊரான நாசரேத். மிஷன் பள்ளியில் சுந்தரிக்குப் பாடம் எடுத்தவர், கல்லூரிச் சேர்க்கைக்கும் கூட வந்தவர். இதய ஆபரேஷன் முடிந்து மதுரையிலிருந்து திரும்பியிருந்தார். "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வாரேன், நான் தந்த குரோட்டன்ஸ் எப்பிடி இருக்குன்னு பாக்கணும்" என்றார் போனில்.

தூசி துடைக்கப் போனவளுக்குக் கை நின்றுவிட்டது. குவித்த மண். அதில் ஒரு சிலுவை. சிலுவையில் தகடு, தகட்டில் 'ஜெயஷீலா டீச்சர்', கீழே தேதி. கல்லறைகளுக்குப் பக்கத்தில் நடுகிற அதே குரோட்டன்ஸ் வேறு. எரித்துச் சாம்பலை ஆற்றில் விடுகிற குடும்பம் அவர்களுடையது. அப்பாவின் கண்ணுக்கு அது வெறும் குச்சிதான். மிஷன் பள்ளியில் படித்தவளுக்கு அப்படித் தோன்றவில்லை. மார்பில் தையலோடு வருகிறவர் இதையா பார்க்கவேண்டும்?

சொன்னால் அப்பா உடைந்துபோவார். உடனே போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, டீச்சருக்குத் தெரியாததையும் தெரியவைத்துவிடுவார். சொல்லாவிட்டால்? இத்தனை நாள் இது ஏன் என் கண்ணில் படவில்லை, படித்து என்ன கிழித்தேன் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஞாயிறு காலையில் தொட்டியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். குளித்துவிட்டு வந்தவர் அதை இழுத்து முன்வரிசையில் நிறுத்தினார்.

"அவங்க குடுத்த செடியை ஒளிச்சா வைப்பாவ? என்ன நினைப்பாங்க!"

டீச்சர் படிக்குப் படி நின்று ஏறி வந்தார். உட்காரக்கூட விடாமல் மந்திரமூர்த்தி பால்கனிக்கு அழைத்துப்போனார். டீச்சர் குனிந்து படித்தார்.

"அண்ணாச்சி, ஒரு தேதிதான் போட்டிருக்கீங்க. இன்னொன்னு எப்போ?"

"இன்னொன்னு எதுக்கு டீச்சர்?"

டீச்சர் மார்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ, தையல் பிரிஞ்சிரும்! எங்க கல்லறைத் தோட்டத்துல இப்பிடித்தான் வைப்பாவ அண்ணாச்சி. ஆளு போனப்புறம், ரெண்டு தேதியோட."

மந்திரமூர்த்தி சட்டென்று சிலுவையைப் பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "சத்தியமா டீச்சர், நான்..."

"விடுங்க. எழுத்து அச்சு மாதிரில்லா இருக்கு! எங்க வீட்டுச் செடிக்கு எதுலயும் பேரு நிக்க மாட்டேங்கு. எனக்கும் செஞ்சு தாங்க. செடி பேரு மட்டும். ஒத்தக் குச்சி போதும், என்ன?"

"கண்டிப்பா டீச்சர்."

அன்று மாலையே டின்களை வெட்டி, விளிம்பு மடித்து, துளையும் போட்டார். செம்பருத்தி என்று சுந்தரி சொல்ல, பேனாவைத் தகட்டில் வைத்தார். அழுத்தவில்லை.

"டீச்சருக்குப் போறதுல்லா. எழுதப் போனா அந்தச் சிலுவைதான் கண்ணுல நிக்கு. நாளைக்குப் பாப்போம்."

"நான் எழுதுதேன்ப்பா."

"வேண்டாம்ளா. நான் ஒத்துக்கிட்டது."

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. பால்கனியில் இருந்த மற்றத் தகடுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார். டீச்சர் தெருவில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்: "அப்பா முடிச்சிட்டாங்களாளா?" முடித்துவிடுவார் என்று சுந்தரி சொல்கிறாள். டீச்சரை வருகிற மாதம் மதுரையில் மறுபடி அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்களாம். துளையிட்ட தகடுகள் பிளாஸ்டிக் டப்பாவில் கிடக்கின்றன. ஒன்றில்கூட இன்னும் எழுத்து இல்லை.