சாம்பார் போட்டிருக்கலாம்

காலாண்டு விடுமுறை விட்டால்தான் எங்கள் வீட்டுக்குத் திருவிழா. மகள் சென்னையில் பள்ளிக்கூட டீச்சர். அவளுக்கு விடுமுறை வந்தால்தான் எங்களுக்குப் பேத்தி. கோடை விடுமுறையை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு வந்தால் மூன்றே நாளில் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். முழுசாக ஒரு வாரத்துக்கு மேல் எங்கள் கையில் கிடைப்பது புரட்டாசியில் வரும் இந்த விடுமுறைதான். இந்த எட்டு நாளுக்காகத்தான் நாம் வருசம் பூராவும் மாத்திரை முழுங்குகிறோம் என்று என் மனைவி சொல்வாள். நான் மறுத்துப் பேசுவதில்லை.

ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வீடு பரபரப்பாகிவிடும். ஆயக்குடிக் கொய்யா ஒரு கூடை வந்து இறங்கும். முறுக்கு, அதிரசம் எல்லாம் டின்னில் ஏறிவிடும். நான் திண்டுக்கல்லில் முப்பது வருசத்துக்கு மேல் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருப்பவன். பூஜைக்கு முந்தின நாள் அண்டா, தேக்சா, கரண்டி, வாளி எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்ப்போம். பேத்தி சின்னவளாக இருந்தபோது ஒரு பெரிய அண்டாவுக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளை உள்ளே வைத்தபடியே அண்டாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தேன். சந்தோசம் என்றால் எனக்கு அதுதான்.

ஆனால் அந்த வருசத்தை நினைத்தால் அண்டாவோடு நினைவு நிற்பதில்லை. அடுத்து என் மகன் முகம் வந்துவிடும்.

பேத்திக்கு அப்போது மூன்றாவது வயது நடந்துகொண்டிருந்தது. மகன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டு வருசத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவு கிடைக்கும். அந்தத் தடவை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, தங்கை வரும் விடுமுறைக்குச் சரியாக வந்து சேர்ந்தான். எதற்காக வந்தான் என்று எல்லாருக்கும் தெரியும். பேத்திக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது. அவனுக்குக் கல்யாணம் ஆகி ஏழு வருசம். பிள்ளை இல்லை. டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது, கோயில் குளமும் சுற்றியாகிவிட்டது. விசேச வீடுகளில் அவனையும் மருமகளையும் கூப்பிட்டு வைத்து என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட ஒருவன் சபை நடுவே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப்போகிறான். பச்சைக்கல் வைத்த பொடிக் கம்மல் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தான். வந்த அன்றே பெட்டியைத் திறந்து முதலில் எடுத்துக் காட்டியது அதைத்தான்.

நான்தான் முட்டுக்கட்டை போட்டேன்.

"புரட்டாசில காது குத்துனா குடும்பத்துக்கு ஆகாது. தை மாசம் வச்சுக்கிருவோம்" என்றேன்.

என் மனைவி விடவில்லை. சோசியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டாள். காது குத்துக்குத் தடையில்லை, நாள் குறித்தே தருகிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். நான் அவரைவிடப் பெரிய சோசியராகி, அதெல்லாம் அவருக்குத் தெரியாது என்றேன். பழனிக்குப் போய் மொட்டையடிக்கிற இடத்திலேயே காதையும் குத்திவிட்டு வரலாம் என்றாள் மகள். குலசாமியை விட்டுவிட்டுப் பழனிக்கா என்று அவளையும் அடக்கினேன். எங்கள் குலசாமி அகரம் பக்கம் ஒரு காட்டுக்குள் இருக்கிறது. அங்கே கெடா வெட்டித்தான் எங்கள் வகையறாவில் எந்த விசேசமும். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. சனிக்கிழமை தவறாமல் தாடிக்கொம்பு பெருமாள் கோயிலுக்குப் போகிற ஆள் நான். கெடா எப்படி வெட்டுவது?

"அப்பா, நான் இருக்கும்போதே முடிச்சிருவோம்ப்பா. சாம்பார் சோறு போட்டாலும் போதும்" என்றான் மகன். அவன் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

"தைக்கு லீவு கேட்டு வா. இம்புட்டு நாள் பொறுத்தோம், நாலு மாசம் பொறுக்க மாட்டமா?" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் விஜயதசமி. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, பேத்தியை என் மடியில் உட்கார வைத்து, அவள் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தேன். அவள் அரிசியை அள்ளி என் தலையில் போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி சுண்டல் கிண்ணத்தை என் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"எழுத்துக்கு ஆகுற மாசம் காதுக்கு மட்டும் ஆகாதாக்கும். உங்க மடின்னா நல்ல மாசம், மாமன் மடின்னா கெட்ட மாசம்."

மகன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். சிந்திக் கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாசம் காரணம் இல்லை. பெருமாளும் இல்லை, குலசாமியும் இல்லை. பிரியாணிதான் காரணம்.

இந்த ஊரில் முப்பது வருசம் விருந்துகளுக்குப் பாத்திரம் கொடுத்தவன் நான். எந்த வீட்டு விசேசம் எப்படி நடந்தது என்று திரும்பி வரும் தேக்சாவைப் பார்த்தே சொல்வேன். அடி சுரண்டி வந்தால் விருந்து அமர்க்களம். பாதிச் சோறு ஒட்டிக்கொண்டு வந்தால் ஏதோ கோளாறு. ஒரு புரட்டாசியில் தெரிந்த ஒருவர் காதுகுத்து வைத்துச் சாம்பாரும் கூட்டும் போட்டார். பாத்திரம் திரும்பி வந்த அன்று, "கம்மலுக்குப் பதிலாக் காதுல வெண்டிக்காயக் கோத்து விட்டாங்களா?" என்று கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டவன் நான்தான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்று பயந்தேன். பாத்திரக் கடைக்காரன் வீட்டு முதல் பேத்தியின் விசேசத்தில், அதுவும் திண்டுக்கல்லில், சீரகச் சம்பா மணக்காமல் சாம்பார் மணந்தால் என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். கறி போட வேண்டும் என்றால் மாசத்தைத் தள்ள வேண்டும். அதற்குப் பெருமாளைத் துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

மகன் ஊருக்குக் கிளம்பும்போது கம்மல் டப்பாவை அம்மாவின் கையில் கொடுத்தான். "தைக்கு வாரேம்மா" என்றான். தைக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, வைகாசி என்றோம். வைகாசிக்குள் ஊரடங்கு வந்து உலகத்தையே பூட்டிவிட்டது. அப்புறம் மாப்பிள்ளைக்கு வேலை மாற்றம், மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம். பேத்தியை யூகேஜியில் சேர்த்தபோது கூடப் படிக்கிற பிள்ளைகள் காதைப் பார்த்துக் கேலி செய்தார்கள் என்று அவள் அழுதாளாம். மகள் பாவம், எவ்வளவு நாள்தான் பார்ப்பாள்? ஒரு நாள் நகைக்கடைக்குக் கூட்டிப்போய்க் குத்திவிட்டாள். வீடியோ அனுப்பியிருந்தாள். சுற்றுகிற நாற்காலி ஒன்றில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது, யாரோ ஒரு பெண் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து இரண்டு அமுக்கு அமுக்குகிறாள், முடிந்துவிட்டது. மகனுக்கும் போயிருந்தது அந்த வீடியோ. கை தட்டுகிற படம் ஒன்றைப் பதிலாக அனுப்பியிருந்தான். வேறு ஒரு வார்த்தை எழுதவில்லை. என் மனைவி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்த வருசமும் காலாண்டு விடுமுறைக்கு வந்தார்கள். பேத்திக்கு எட்டு முடிந்துவிட்டது. அண்டாவுக்குள் உட்காரும் வயசு போய், அண்டாவை உருட்டிக்கொண்டு வந்து தேய்க்கிற வயசு. பூஜைக்குப் பொட்டு வைத்ததெல்லாம் அவள்தான். விஜயதசமி முடிந்த மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், பாட்டியின் பீரோவைக் குடைந்தவள் ஒரு சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"தாத்தா, இது யாரோடது? ரொம்பக் குட்டியா இருக்கு."

பச்சைக்கல் கம்மல். அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒன்னோடதுதான். ஒங்க மாமா வாங்கிட்டு வந்தது" என்றேன்.

"அப்ப ஏன் எனக்குப் போடல?"

அவள் கண்ணாடி முன்னால் போய் நின்று கம்மலைக் காதின் மேல்பக்கமாக வைத்துப் பார்த்தாள். வகுப்பில் மூன்று பேர் இரண்டாவது ஓட்டை போட்டிருக்கிறார்கள், அதற்கு இந்தக் குட்டிக் கம்மல் சரியாக இருக்கும், நானும் போட்டுக்கொள்ளட்டுமா என்று அவள் அம்மாவைக் கேட்டாள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை மகனுக்கு ஓய்வு நாள். உடனே எடுத்துவிட்டான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அங்கே வெயிலா, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"அப்பு, புள்ளைக்கு ரெண்டாவது காது குத்தணுமாம். நீ லீவு போட்டு வாரியா? நீ எப்ப வந்தாலும் சரிடா. எந்த மாசமா இருந்தாலும் சரி."

"லீவு இப்பக் கெடைக்காதுப்பா. புள்ளையக் காக்க வைக்காதீங்க."

அந்த வார்த்தையை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்துவிட்டேன்.

"அன்னைக்கு மாசத்துக்காகச் சொல்லலடா நான்."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்?"

"பிரியாணிக்குத்தான்னு தெரியும். சமையல்காரர்ட்ட நீங்க போன்ல பேசிட்டு இருந்தீங்க, சாம்பார் போட்டா ஊரு சிரிக்கும்னு. நான் படியில நின்னேன்."

"அப்பறம் ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"கேட்டுட்டேனேப்பா. சாம்பார் போட்டாப் போதும்னு கேட்டேன்ல."

இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு ஒரே ஆறுதல். அதுவும் போனது. மன்னித்துக்கொள் என்று மகனிடம் சொல்லத் தகப்பன்களுக்கு நாக்கு புரள்வதில்லை. எனக்கும் புரளவில்லை. மூக்கை உறிஞ்சிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும்.

"சரி விடுங்க. ஆசாரியக் கூப்புடுங்க. நான் வீடியோல வாரேன். மத்தியானம் வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க, இப்பன்னா இருப்பேன்" என்றான்.

தெரிந்த ஆசாரி ஒருவர் ஊசியும் நூலுமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை பத்தே முக்கால் என்றால் சரியான ராகு காலம். ஆசாரியே கொஞ்சம் தயங்கி, செத்த நேரம் போகட்டுமா என்று கேட்டார்.

"குத்துங்க" என்றேன்.

என் மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கிண்டல் செய்ய ஏற்ற இடம். அவளோ மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

பேத்தியை நாற்காலியில் உட்கார வைத்தோம். மகள் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். திரையில் மகன் முகம் வந்தது. பிறகு படம் ஆடியது, கீழே போனது, நின்றது. அவனுடைய தாடையும் மூக்கும், அதற்கு மேலே சுற்றுகிற மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. தாடையின் அடியில் பாதிக்கு மேல் நரை. நாற்பது வயசு ஆகிறது அவனுக்கு. இந்தக் கோணத்தில் நான் அவனைப் பார்த்ததே இல்லை.

"மாமா, உங்க மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று பேத்தி சிரித்தாள்.

"போனை மடியில வச்சிருக்கேன் தங்கம். மாமா மடியில உக்காந்தா அப்படித்தான் தெரியும். மேல பாரு, ஃபேனப் பாரு, வலிக்காது."

அவள் மேலே பார்த்தாள். ஆசாரி குத்தினார். அவள் அழவில்லை. பச்சைக்கல் கம்மல் இரண்டும் ஆறு வருசம் கழித்து அவள் காதுக்கு வந்தன. மகன் போனை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். மகளும் அணைக்கவில்லை. நான் அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மத்தியானம் வீட்டில் சாம்பார் சோறு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய்ப் பொரியல். பேத்தி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஆசாரியும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை.