தெரிந்தெடுக்கப்பட்டவர்களும் என் வளவுத் தண்ணீர்த் தாங்கியும்

போன புதன்கிழமை மாலை, கடுகண்ணாவையில் எங்கள் மேட்டுக்குக் கீழே ஒரு வீட்டில் வேதப் படிப்பு. பாஸ்டர் கேட்டார்: "கடவுள் ஏன் யூத மக்களைத் தெரிந்தெடுத்தார்?"

அட, என் சப்ஜெக்ட்! தெரிந்தெடுக்கப்படுவது எப்படியிருக்கும் என்று அங்கே எனக்கு மட்டும்தானே தெரியும்?

எங்கள் பகுதிக்குப் பொதுவான தண்ணீர்த் தாங்கியை வைக்கத் தெரிவானது என் வீட்டு வளவு. எல்லாம் நம் செல்வாக்கு என்று ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். தண்ணீர்க் கமிட்டித் தலைவர் நஸீர் நானா காற்றைப் பிடுங்கிவிட்டார்.

"மேட்டுல எத்தனயோ வளவு இருக்கு சேர். ஒங்கடதுலதான் ஒண்டுமே மொளக்கல்ல."

தாங்கியோடு மோட்டார் சாவியும் என்னிடம் வந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் மோட்டாரைப் போட்டால்தான் தண்ணீர் — புத்தரைக் கும்பிடப் பன்சலைக்குப் போகிற வீட்டுக்கும், பள்ளிவாசலுக்குப் போகிற வீட்டுக்கும், கோயிலுக்குப் போகிற வீட்டுக்கும்.

ஆகவே, அனுபவஸ்தனாகப் பதில் சொன்னேன்.

"பெரிய கூட்டம்னு தெரிவு செய்யல பாஸ்டர். சின்னக் கூட்டம்தான். மத்தவங்களவிட நல்லவங்கன்னும் இல்ல. ஆண்டவர் அன்பு வச்சார், முன்னோருக்கு வாக்குக் குடுத்தார், அவ்வளவுதான். ஆபிரகாம் மூலமா பூமியில எல்லாக் குடும்பத்துக்கும் ஆசீர்வாதம் போகணும். இயேசுவே அவங்க வீட்டுப் பிள்ளைதானே? தெரிவுங்கிறது சலுகை இல்ல, பொறுப்..."

போன் அடித்தது. பக்கத்து வீட்டு சுமதி.

"அங்கிள், குழாயில சொட்டுத் தண்ணி இல்ல! புள்ளைக்குத் தலையெல்லாம் சவுக்காரம்... கண்ணு எரியுதுன்னு கத்துறான்!"

மணி ஐந்தரை. சாவி என் சட்டைப்பையில்.

மேட்டில் ஓடினேன். ஓடினேன் என்பது என் கட்சி; மனைவியின் சாட்சியம் வேறு. நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள், குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுபோய் அவளே பிள்ளையின் கண்ணைக் கழுவியிருந்தாள்.

மறுநாள் நஸீர் நானாவிடம் கௌரவமாக இராஜினாமா செய்தேன். "தாங்கிய யாராவது நல்ல மனுசன் வளவுக்கு மாத்திடுங்க."

"நல்ல மனுசன்டு பாத்தா ஒங்கட்ட வெச்ச? வெச்சத மாத்த ஏலா சேர். நீங்க மறந்தா நாங்க ஞாபகப்படுத்துறோம்."

யோசித்துப் பார்த்தால், கடவுளும் இதைத்தானே செய்தார்? இஸ்ரவேலர் தவறியபோது கண்டித்தார்... ஆனால் தெரிவைத் திரும்பப் பெறவில்லை. என்னைப் போன்ற மறதிக்காரர்களுக்கு அதைவிட ஆறுதல் என்ன வேண்டும்?

அவர்களுக்குத் தீர்க்கதரிசிகளை அனுப்பினார். எனக்கு — தினமும் நாலேமுக்காலுக்கு சுமதியின் மிஸ்ட் கோல்!