கடைசி அத்தியாயத்தில் இடுப்பளவு தண்ணீர்

என் எழுத்தில் அடுத்தவர் கை வைத்தால் எனக்குச் சுர்ரென்று ஏறும். என் கல்யாணப் பத்திரிகையில் ஒரு வரியை மாற்றச் சொன்ன மாமனாரிடம் கல்யாணத்துக்கு முன்பே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள் நான். அப்படிப்பட்டவளிடம் பதிப்பகத்தார், "மெய்ப்பு பார்க்காம எங்ககிட்ட எந்தப் புத்தகமும் அச்சுக்குப் போகாது மேடம்" என்றார். "ஏன், எனக்குத் தமிழ் எழுத வராதா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். சாயங்காலம் நானே கூப்பிட்டுச் சரி என்றேன். முதல் புத்தகம், வேறு வழியில்லை.

புத்தகம் அம்மாவைப் பற்றியது. அம்மா அப்போது எண்ணூரில், ஆறு கடலில் சேர்கிற முகத்துவாரக்குப்பத்தில் தனியாக இருந்தாள். நான் ராயபுரத்தில் இருந்தேன், கன்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீசில் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பக் கற்றுக் கொடுத்ததுதான் தாமதம், அந்த மைக் பொத்தானை அவள் விடவே இல்லை. மீன் விற்ற கதை, மார்க்கெட்டில் சண்டை போட்ட கதை, நைனாவைக் கட்டிக்கொண்ட கதை என்று நாள் தவறாமல் வரும். நான் அவற்றை ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டே ரெட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேகத்தில் மறுபடி ஓடவிட்டு, அவள் பேச்சை அப்படியே தட்டச்சு செய்து, வந்த வரிசையிலேயே அத்தியாயங்களாக அடுக்கினேன்.

நைனா என்றால் என் அப்பா. நான் காலேஜில் படிக்கும்போது கடலுக்குப் போனார். படகு மட்டும் திரும்பி வந்தது. தேடாத இடமில்லை, உடம்பு கிடைக்கவில்லை. குப்பமே கூடிக் காரியம் செய்யச் சொல்லியும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பாடிய காட்டு, பொட்ட அழிச்சிக்கிறேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். இன்றுவரை காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பொட்டு வைக்கிறாள். இதையெல்லாம் மூன்றாவது அத்தியாயத்தில் எழுதியிருந்தேன்.

மெய்ப்பு பார்த்தவர் திருவொற்றியூரில் இருந்தார். நேரில் பார்த்ததே இல்லை, போனில்தான் பேச்சு. தாழ்ந்த குரல், அவசரமே இல்லாத பெண்மணி. வருஷக்கணக்காக இதே தொழில் செய்கிறவர் என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார். முதல் சுற்று முடித்து அவர் அனுப்பிய கோப்பைத் திறந்தால் பக்கமெல்லாம் அம்மை போட்டதுபோல் சிவப்பு. உடனே கூப்பிட்டேன்.

"எங்க அம்மா பேசுறது மெட்ராஸ் பாஷை. அதை நீங்க திருத்தக் கூடாது."

"அம்மா பேச்சுல நான் கை வைக்கல மேடம். ஒரு பக்கத்துல வூடுன்றாங்க, அடுத்த பக்கத்துல வீடுன்றாங்க. ரெண்டுல ஒண்ணு அவங்க சொன்னது, இன்னொண்ணு நீங்க சொன்னது. அவங்களோடது எதுன்னு சொல்லுங்க, அதையே எல்லா இடத்துலயும் வச்சிடுறேன்."

"வூடு" என்றேன். அதற்கப்புறம் அவர் அனுப்பிய கேள்விகளுக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் போட்டேன்.

கடைசிச் சுற்றின்போது ஒரு நாள் நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரிடமிருந்து போன்.

"ஒரு சந்தேகம் மேடம். மூணாவது அத்தியாயத்துலயே அப்பா கடலோட போயிடுறார் இல்லையா?"

"ஆமா."

"ஆத்துக்குக் குறுக்க புதுப் பாலம் வந்தது அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தானே? அப்படித்தான் எழுதியிருக்கீங்க."

"ஆமா, சமீபத்துலதான்."

"அப்ப பின்னாடி அத்தியாயங்கள்ல அப்பா எப்படிப் பாலத்துத் தூண்கிட்ட நிக்கிறார்?"

எனக்கு எரிச்சல் வந்தது. "அம்மா பழைய கதை சொல்றாங்க. வயசாச்சு, இடத்தை மாத்திச் சொல்லியிருப்பாங்க. இதெல்லாம் ஒரு விஷயமா?"

"இருக்கலாம். ஆனா இன்னொண்ணும் சொல்லிடுறேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நேரா படிச்சா கதை நம்மள இழுத்துட்டுப் போயிடும், பிழை கண்ணுல படாது. அதனால கடைசிச் சுத்துல நான் பின்னாடிலேர்ந்து முன்னாடி படிப்பேன். கடைசி அத்தியாயத்துல அப்பா நடுத் தூண்கிட்ட நிக்கிறார், அம்மாவுக்கு இடுப்பளவு தண்ணி. அதுக்கு முன்னாடி கரைக்கும் நடுவுக்கும் இடையில ஒரு தூண், முழங்கால் தண்ணி. அதுக்கும் முன்னாடி கரையோரத் தூண், அம்மாவுக்குப் பாதம் மட்டும்தான் நனையுது. நான் படிச்ச மாதிரி படிச்சா அம்மா கரை ஏறி வர்றாங்க மேடம். நேரா படிச்சா..."

பிறகு, "வேணும்னே அப்படி எழுதினீங்களா?" என்று கேட்டார்.

வேணும்னு எழுதவில்லை. வேணாம்னும் எழுதவில்லை. என் விரலால் நானே அடித்த வரிகள். கோப்பைத் திறந்து பார்த்தேன். "உங்க நைனா அங்க நின்னுகினு கீறாரு. கிட்ட போனா தள்ளிப் போறாரு. வா வான்றாரு." பழைய காதல் கதை என்று நினைத்து ரசித்து அடித்திருக்கிறேன்.

போனை எடுத்து, அம்மா கடைசியாக அனுப்பிய மெசேஜை முதல் தடவையாக அதன் சொந்த வேகத்தில் கேட்டேன். "துன்னியாய்யா?" என்று, சாப்பிட்டாயா என்று யாரையோ கேட்கிறாள். அப்புறம் பேச்சில்லை, தண்ணீர் சளசளக்கிற சத்தம் மட்டும். ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்கிற அளவுக்கு நேரம் போகிறது. பிறகு அம்மா சிரிக்கிறாள். ரெட்டை வேகத்தில் அந்த இடைவெளி அவள் மூச்சு வாங்குவதுபோலத்தான் இருந்திருக்கிறது. நைனா போனதிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

நைனா வருகிற மெசேஜ்கள் எல்லாமே உச்சி வேளையில் வந்திருந்தன. சின்ன வயதில் எங்களை, "உச்சில தண்ணியாண்ட போவாதே" என்று விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு விரட்டியவள் அவள்தான். அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

தெருமுனையில் ஆட்டோ பிடித்தேன். எண்ணூர் ரோட்டில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. "சீக்கிரம் போங்கண்ணா" என்று கத்தினேன்.

"இன்னாக்கா, ரோட்டப் பாரு. லாரி அல்லாம் அப்படியே நிக்குது, நான் இன்னா பறந்தா போவ முடியும்?" என்று திரும்பியவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, கெட்டியா குந்து. சந்துல பூந்து இட்டுகினு போறேன்."

அம்மாவின் வீடு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, "உங்கம்மாவா? எறா தடவப் போயிருக்கும். டெய்லி இந்நேரத்துக்குத்தான போவுது" என்றாள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் பிடித்த இறாலைப் போடுகிற ஓலைக்கூடை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் தூசி படிந்திருந்தது. ஓடினேன்.

கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. வெயிலுக்கு வலை பின்னுகிறவர்கள்கூட உள்ளே போயிருந்தார்கள். பாலத்துக்கு அடியில், நடுத் தூணுக்குப் பக்கத்தில் அம்மா நின்றாள். தண்ணீர் இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்திருந்தது. முதுகை எனக்குக் காட்டி, தூணைப் பார்த்துத் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். வத்தம் தொடங்கியிருந்தது, ஆற்றுத் தண்ணீரைக் கடல் தன் பக்கம் இழுக்கிற நேரம். அவள் முந்தானை கடலைப் பார்த்து நீண்டு மிதந்தது.

"யம்மா!"

திரும்பவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினேன். அடியில் சேறு, ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. கிட்டப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? யார்கிட்ட பேசுற?"

"கத்தாதடி," என்றாள் அம்மா. கொஞ்சமும் பதற்றமில்லை. "மெர்சலாயிடப் போறாரு."

"யாரு இருக்காங்க இங்க? வெறும் தூணு!"

அவள் முகவாயால் காட்டினாள். நான் பார்த்தபோது தூண்தான் இருந்தது. அதில் தண்ணீர் ஏறி இறங்கின ஈரக் கறை, சரியாக ஒரு ஆள் உயரத்துக்கு. அதை ரொம்ப நேரம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அழுகை வந்துவிட்டது. "நீயும் பூட்டா நான் யாருகிட்டம்மா சண்டை போடுவேன்?" என்று கேட்டேன்.

அம்மா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். தூங்கி எழுந்தவள்போல் பார்த்தாள். இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு கரையைப் பார்த்துத் திரும்பினேன். இழுப்பு பலமாகிவிட்டது. ஒரு அடி வைத்தால் இரண்டு அடி கடல் பக்கம் போனோம். என் வலது கால் முழங்கால்வரை சேற்றில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், இரண்டு பேரும் போகப் போகிறோம் என்று நினைத்தேன். முதுகில் கை வைத்து ஓங்கித் தள்ளியதில் சேறு காலை விட்டது. அதே வேகத்தில் ஆழமில்லாத இடத்துக்கு வந்து விழுந்தோம். வாயெல்லாம் உப்பு.

அன்றைக்கே அம்மாவை ராயபுரத்துக்குக் கூட்டிவந்துவிட்டேன். "இது இன்னா வூடு, ஜன்னலத் தொறந்தா அடுத்தவன் கக்கூஸு" என்று தினமும் திட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள். டாக்டரிடம் காட்டினோம். உச்சி வேளையில் நான் ஆபீசிலிருந்து போன் செய்வேன், எடுத்துவிடுவாள். மெய்ப்பு என்றால் கால்புள்ளி, ஒற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதினவளுக்குத் தான் எழுத நினைத்ததுதான் கண்ணில் தெரியும். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேறொருவர் வேண்டும். திருவொற்றியூர் மேடம் பார்க்காமல் அச்சுக்குப் போயிருந்தால் புத்தகம் வந்திருக்கும், அம்மா இருந்திருக்க மாட்டாள். அவரிடம் இதைச் சொன்னபோது, "ஐயோ, நான் கேள்வி மட்டும்தானே மேடம் கேட்டேன்" என்றார்.

அன்றைக்கு நடந்ததை, இங்கே சொல்லியிருப்பது போலவே, புத்தகத்தின் கடைசி அத்தியாயமாக எழுதி அவருக்கு அனுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ஒரே ஒரு இடம். உங்க ரெண்டு கையும் அம்மா இடுப்புல இருக்கு. அம்மா ரெண்டு கையும் உங்க கழுத்துல. கரையில யாருமே இல்லைன்னு மேல எழுதியிருக்கீங்க. அப்ப, உங்க முதுகுல கை வச்சுத் தள்ளினது யாரு?"

கோப்பைத் திறந்து அந்த வரியைப் படித்தேன். நான்தான் எழுதியிருந்தேன். எழுதும்போது எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. முதுகில் அந்தக் கை பட்ட இடம் இப்போதும் தெரிந்தது. அகலமான கை.

போனை மூடிப் பிடித்துக்கொண்டு, "யம்மா, அன்னிக்கு என் முதுகுல கை வச்சுத் தள்ளுனியா?" என்று கேட்டேன்.

"நானா? என் கை ரெண்டும் உன் கழுத்துலல்ல கெடந்துச்சி. வுட்டிருந்தா பூட்டிருப்பேன்." பூண்டை உரித்துக்கொண்டே சொன்னவள் கையை நிறுத்தினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மெசேஜில் நான் கேட்ட அந்தச் சிரிப்பை அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பார்த்தேன்.

"உன்னியும் தொட்டாரா?" என்றாள்.

போனுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மேடம், லைன்ல இருக்கீங்களா? அந்த வரிய எடுத்துடட்டுமா?"

"வேணாம் மேடம்," என்றேன். "அதுல மட்டும் கை வைக்காதீங்க."