ஸ்டீல் டம்ளரில் பதினெட்டு வருடம்

எங்கள் பிளான்ட் ஹெட் ஸ்காட்லாந்து போய்விட்டு, ஒரே டிஸ்டிலரியின் சிங்கிள் மால்ட் விஸ்கி மூன்று பாட்டில்களோடு திரும்பினார்: பீப்பாயில் பன்னிரண்டு வருடம் ஊறியது, பதினைந்து, பதினெட்டு. ஒரகடத்தில் கம்பெனியின் இரண்டாவது யூனிட் திறக்கவிருந்த சமயம். அதற்குக் குவாலிட்டி ஹெட்டாக நான் போவதா, எனக்குக் கீழே இருந்த உதவி மேனேஜர் போவதா என்பது அவர் கையில் இருந்தது. ஞாயிறு மதியம் இருவரையும் தண்டலத்தில் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். "சும்மா டேஸ்ட் பண்ணலாம்" என்றார். மனிதர் எதையும் சும்மா செய்து நான் பார்த்ததில்லை.

ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பார்லி, பீப்பாய் மரம், புகை. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடும் ஐம்பது வயதுக்காரன் பாத்ரூம் கண்ணாடி முன் நின்று, "பின்னால் லேசாக உலர் திராட்சை வருகிறது" என்று சொல்லிப் பழகுவது மனித இனத்துக்கே அவமானம். பழகினேன். உதவி மேனேஜர் எதையும் படிக்கமாட்டான். அவனை நினைத்து இரக்கப்பட்டேன். இரக்கம் எனக்குப் பிடித்த உணர்ச்சி. உட்கார்ந்த இடத்திலிருந்தே படலாம்.

போனால், கண்ணாடிக் கிளாஸ் இல்லை. ஆளுக்கு மூன்று ஸ்டீல் டம்ளர்கள், சமையலறையிலேயே ஊற்றி, தட்டில் வந்தன.

"கலரப் பாத்துச் சொல்லிடுவீங்கல்ல, அதான்" என்றார் ஹெட். அவர் மனைவி மிக்சரை வைத்துவிட்டு டிவி பக்கம் போனார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாகங்களைச் சோதிப்பவர்களையே அவ்வப்போது சோதிப்போம். ஒரே பாகத்தை, ஒரே பாகம் என்று சொல்லாமல், திரும்பத் திரும்ப அளக்கக் கொடுப்போம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு சொல்கிறவரை இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து எழுப்பி பேக்கிங்குக்கு அனுப்பிவிடுவேன். சிலர் அழுவார்கள். அதை நான் அளப்பதில்லை.

முதல் டம்ளரில் தேன். இரண்டாவதில் மிளகு. மூன்றாவதில் நிஜமாகவே உலர் திராட்சை வந்தது, பின்னால், லேசாக. கண் கலங்கிவிட்டது. உடனே சுதாரித்தேன். எதிர்பார்த்தது அப்படியே வந்தால் குவாலிட்டிக்காரன் சந்தேகப்பட வேண்டும். நிறம் தெரியாத டம்ளர், உள்ளேயே ஊற்றிய சரக்கு, எதிரே ஹெட்டின் சிரிப்பு. மூன்றிலும் ஒரே பாட்டில்தான். என் சோதனையை எனக்கே வைக்கிறான், பாவி.

உதவி மேனேஜர் மூன்றையும் கஷாயம் மாதிரி குடித்து முடித்திருந்தான்.

"சொல்லுப்பா" என்றார் ஹெட்.

"மூணும் வேற வேற சார். ஒண்ணு இனிப்பா கீது, ஒண்ணு காரமா கீது. கடைசி சூப்பர் சார், மீதி கீதா?"

விழுந்தான் என்று நினைத்தேன். ஹெட் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க?"

கால் மேல் கால் போட்டேன். "நமக்கேவா சார்? மூணும் ஒரே சரக்கு."

"நிச்சயமா?"

"எழுதியே தரேன் சார்."

ஹெட் உள்ளே போய் மூன்று பாட்டில்களையும் கொண்டுவந்து வைத்தார். மூன்றும் திறந்திருந்தன, மூன்றிலும் ஒரே அளவு குறைந்திருந்தது. மனைவியைக் கூப்பிட்டார். "இங்க வாயேன், இவரப் பாரேன். பன்னெண்டும் பதினெட்டும் ஒண்ணுங்கறாரு." அந்த அம்மாள் டிவியை நிறுத்திவிட்டு வந்து என்னைப் பார்த்தார்.

"எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுது சார். முதல்ல தேன், அப்புறம் மிளகு..."

"தெரிஞ்சுதா? அப்ப ஏன் ஒண்ணுன்னீங்க?"

"நீங்க என்னை டெஸ்ட் பண்றீங்கன்னு நெனச்சேன்."

"டெஸ்ட்தான் பண்ணேன்!" சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. "தெரியாதவன வெச்சுக்கூட ஓட்டிடலாம்யா. தெரிஞ்சும் மாத்திச் சொல்றவன எங்க நிக்கவைக்கறது?"

பதில் சொல்ல என்னிடம் ஆறேழு நல்ல வாக்கியங்கள் இருந்தன. எல்லாமே திராட்சை பற்றியவை.

பதினெட்டை அவனுக்கு ஊற்றி, "யூனிட் டூ உன்னுது" என்றார். என் டம்ளரில் பன்னிரண்டை ஊற்றினார். "உங்களுக்கு எதுவா இருந்தா என்ன?"

திரும்பும்போது கம்பெனி காரில் அவன் என் தோளில் கைபோட்டான். அதுவரை போடாத கை.

"பேஜாராவாத சார். நா சொல்லி உன்னியும் அங்க இட்டுக்கறேன்."

"அங்க எனக்கு என்ன வேலை?"

"சப்ளையராண்ட பேசறது. நீ நல்லாப் பேசுவ சார்."

கேலி இல்லை, மனதாரத்தான் சொன்னான். செம்பரம்பாக்கம் தாண்டும்வரை வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன்.

"தேங்க்ஸ் சார்" என்றேன்.

அவன் அந்த 'சாரை'க் கவனித்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை.